அத்தையின் உயரத்துக்கு ஒரு கண்ணாடி

எனக்கு முன்னறை வேண்டும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருஷத்தில் நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். அங்கே பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபா ஒன்று ராஜா மாதிரி வீற்றிருக்கிறது. அதில் மனிதர்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகம் பார்க்கும் கண்ணாடிகளில் பெயரும் வாசகமும் எழுதி விற்கிற நானோ, பால்கனியில் துணி துவைக்கிற மெஷினோடு குடித்தனம் நடத்துகிறேன். மெஷின் பிழியத் தொடங்கினால் மேசை ஆடும், பிரஷ் ஆடும், எழுத்தும் ஆடும்.

இதைச் சொன்னால் என் மாமியார், "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்பார்.

போன மாதம் எப்படியோ இறங்கி வந்தார். "நம்ம கூடத்துக்கு ஒரு கண்ணாடி எழுதி மாட்டு. ஒரு வாரம் பாக்கிறேன். கண்ணை உறுத்தலைன்னா முன்னறை உனக்கு. உறுத்துச்சுன்னா அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

விடுவேனா? மூன்றடி உயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் ரேகைகூட இல்லாமல் பளபளவென்று ஆக்கினேன். கண்ணாடியில் எழுதும்போது ஒரு வேடிக்கை உண்டு. நம் பிரஷை நோக்கி உள்ளேயிருந்து இன்னொரு பிரஷ் வரும். இரண்டு முனையும் முட்டிக்கொள்வதுபோல் நெருங்கும் இடத்தில்தான் கோடு விழும். கீழ்ப்பாதியில் பெரிய பெரிய வெள்ளை எழுத்தில் எழுதினேன்: வந்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

மூன்று நாள் காய்ந்ததும் என் கணவர் ஆணி அடித்து மாட்டினார். எட்ட நின்று பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது. அத்தையைக் கூப்பிட்டேன்.

அத்தை வந்து எதிரே நின்றார். இடம் மாறி நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாரமெல்லாம் வேணாம். ஒரு நிமிஷமே போதும். என் மூஞ்சிமேலயே எழுதி வச்சிருக்கியே!"

பக்கத்தில் போய் அவர் உயரத்துக்குக் குனிந்து பார்த்தேன். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் 'சிரிச்சுட்டு' இருந்தது. எழுத்துக்கு மேலே கொஞ்சம் வகிடு, அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முன்னறை கைநழுவிப் போகிறதே!

"மத்த கண்ணாடியில மட்டும் எப்படிப் பாக்கிறீங்களாம்?"

"எங்க பாக்கிறது? எல்லாத்துலயும் நெத்தி வரைக்கும்தான் தெரியும். முன்னெல்லாம் வாளியைக் கவுத்துப் போட்டு ஏறிப் பாப்பேன். முட்டி வலி வந்ததுலேர்ந்து அதுவும் இல்ல. மூஞ்சி பாக்கத்தான் எவர்சில்வர் மூடி இருக்கே!"

கடைக்குப் போய்விட்டு வந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டைச் சுற்றிவந்தேன். வாஷ்பேசின், குளியலறை, இரண்டு படுக்கையறை. நான்கு கண்ணாடி, நான்கும் ஒரே உயரம். மாமனாரும் பனைமரம், அவர் மகனும் பனைமரம். ஆணி அடித்தவர்கள் அவர்கள். ஊரே என்னைக் கண்ணாடிக்காரி என்கிறது. ஏழு வருஷமாக இதைக் கவனிக்காத எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏங்க, இதைக் கழட்டுங்க."

பிளேடால் எழுத்தையெல்லாம் சுரண்டினேன். அத்தையைச் சுவரோரம் நிற்கவைத்து, கண் உயரத்துக்குச் சோப்புத் துண்டால் கோடு போட்டேன்.

"என்னடி இது, பள்ளிக்கூடத்துல சேக்கவா அளவெடுக்கிற?"

"அசையாதீங்க அத்தை. இந்தத் தடவை ஆணி உங்க அளவுக்குத்தான். எழுத்து உச்சியில, ஒத்த வரியா."

என் கணவர் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தார். "உச்சியிலன்னா அது என் மூஞ்சிக்கு நேராயில்ல வருது?"

"வரட்டும். மத்த நாலும் உங்களுக்குத்தானே?"

"குனிஞ்சு பாருடா, ஒண்ணும் தேஞ்சுபோக மாட்ட" என்றார் அத்தை.

மறுபடி எழுத இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் மெஷின் ஓடவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டது யார் என்று நான் கேட்கவில்லை. காய்வதற்கு இன்னும் மூன்று நாள். சோப்புக்கோட்டை அளவாக வைத்து நானே ஆணி அடித்தேன்.

அத்தை வந்தார். நீல நிறத்தில் புதுச் சேலை உடுத்தியிருந்தார். எதிரே நின்றதும் முழு முகமும் தெரிந்தது. காது இரண்டும், கழுத்தும், இடுப்பு வரைக்கும் எல்லாமும். முகவாயை உயர்த்தினார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். காதோர நரையை ஒதுக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி முன்னால் இழுத்து விட்டுக்கொண்டார்.

"இந்த நீலம் எனக்கு எடுப்பாத்தான் இருக்கு. ஒருத்தரும் சொல்லலையே" என்றார் கண்ணாடியிடம்.

கணவர் கண்ணைக் காட்டினார். கேட்டே விட்டேன்.

"அத்தை... அப்ப அந்த முன்னறை?"

அவர் திரும்பவே இல்லை.

"சோபாவை ரெண்டு பேருமா நகத்திப் போடுங்க. என்னைக் கூப்பிடாதீங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."