வெள்ளத்தாய் ஊற்றிய தண்ணீர்

இப்போதெல்லாம் யாரிடமும் ஒரு கேள்வி கேட்க முடிவதில்லை. வாயால் பதில் சொல்வதை விட்டுவிட்டு போனை நோண்டி முகத்துக்கு நேரே நீட்டுகிறார்கள். கண் மங்கியவனுக்குப் படம் காட்டினால் அவன் என்னத்தைப் பார்ப்பான். ரியாஸும் அதைத்தான் செய்தான்.

ரியாஸ், ராஜபாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டு ரஹ்மத் பீவியின் மகன். கப்பலில் வேலை. லீவில் வந்தவன், தேவதானம் போகிற வழியில் இருக்கும் என் தென்னந்தோப்புக்கு அன்று சாயங்காலம் அவனாகவே தேடிக்கொண்டு வந்தான்.

காலையில்தான் கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் பெலிக்ஸைக் கூப்பிட்டிருந்தேன். குழாயைத் தூக்கினால் அடியில் தண்ணீர் உறிஞ்சுகிற புட்வால்வைக் காணோம். புளியங்கொட்டை பருமனில் கறுப்புச் சிப்பிகள், ஒன்றின் மேல் ஒன்றாக நார் விட்டுப் பிடித்து அதை மூடியிருந்தன.

"பெரியவரே, ஒங்க கெணத்துக்குத் தாடி மொளச்சிருக்கு" என்றான் பெலிக்ஸ். சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி இறக்கினான். மோட்டார் ஓடியது. எனக்கு அது போதும்.

ரியாஸுக்குப் போதவில்லை. கிடந்த சிப்பியில் ஒன்றைப் பொறுக்கி உருட்டிப் பார்த்தான்.

"மாமா, இது நம்ம ஊருச் சிப்பி இல்ல."

"பின்னே? பாஸ்போர்ட் கேட்டுப் பாத்தியாக்கும்."

அப்போதுதான் போனை நீட்டினான். தள்ளிவிட்டேன்.

"அத்தை கெணத்துல ஊத்துன தண்ணியப் பத்தி அம்மா நேத்துதான் சொல்லுச்சு" என்றான்.

அதற்குப் பிறகு நான் கேலி பேசவில்லை.

வெள்ளத்தாய் என் பெண்சாதி. முந்தின கோடையில் ரியாஸ் கப்பலை விட்டு இறங்கி, ஜித்தா வழியாக விமானத்தில் ஊருக்கு வந்தான். அவன் பையில் ஒரு வெள்ளை பாட்டில் இருந்தது. ஜித்தா என்ற பேரைக் கேட்டதும் ரஹ்மத் பீவிக்கு அது ஜம்ஜம் கிணற்றுப் புனிதத் தண்ணீர்தான். மக்காவிலிருந்து யார் கொண்டுவந்தாலும் எங்களுக்குப் பங்கு வைக்காமல் அவள் இருந்ததில்லை. "குடிங்க மதினி, நோவு எறங்கும்" என்று ஒரு செம்பு கொடுத்தாள். வெள்ளத்தாய்க்கு அப்போதே கிட்னி இரண்டும் போய்க்கொண்டிருந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். மீதியைத் தோப்புக்குக் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றினாள். "எனக்கு அம்புட்டுப் போதும். கெணறு வத்தாம கெடக்கட்டும்" என்றாள். ஆடியில் செத்துப்போனாள். கிணறு வற்றவில்லை.

"அது ஜம்ஜம் இல்ல மாமா. கப்பல் தண்ணி."

"கப்பலுக்குள்ள என்னலே தண்ணி?"

"சரக்கு இல்லாத கப்பல் கடல்ல நிக்காது, ஆடும். பாரத்துக்குத் தொட்டியில தண்ணி ஏத்துவோம். அடுத்த துறைமுகத்துல சரக்கு ஏறுனா அதை எறக்கணும். ஒரு தேசத்துப் புழுவும் பூச்சியும் இன்னொரு தேசத்துக்கு அப்படித்தான் போவுது. போன எடத்துல இருக்கிறதையெல்லாம் அழிச்சிரும். அதனால சட்டம் போட்டிருக்காங்க. நடுக்கடல்ல மாத்தணும், இல்லன்னா மெஷின்ல விட்டு உசிரைக் கொன்னுட்டு எறக்கணும். சோதனைக்கு பாட்டில்ல பிடிப்பாங்க. அதுல ஒண்ணுதான் அது. ஏதோ ஒரு ஆத்துத் துறைமுகத்துல ஏத்துன தண்ணி. பையில கெடந்ததை மறந்துட்டேன்."

"கப்பலுக்குப் போட்ட சட்டத்துக்கும் எங்கெணத்துக்கும் என்ன?"

"சட்டம் கப்பலோட நின்னுருச்சு. நான்தான் அதைத் தாண்டிக் கொண்டாந்துட்டேன்."



"அப்ப அவ செத்ததும் அதாலதானா?"

"இல்ல மாமா. அது கிட்னி."

"நீ என்ன டாக்டரா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா நேத்துல இருந்து சாப்பிடல. மதினிக்கு அழுக்குத் தண்ணியக் குடுத்து அனுப்பிட்டேனேன்னு அழுவுது."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். மோட்டாரை நிறுத்த வேண்டுமாம். தோப்பில் பாய்ந்த மிச்சம் வாய்க்கால் வழியாகக் கண்மாய்க்குப் போகிறது. சிப்பி கண்மாயில் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் பிடிக்க முடியாதாம். கிணற்றில் மருந்து போட்டு ஒரு புழு இல்லாமல் சாகடிக்க வேண்டுமாம்.

அவள் கடைசியாகக் கேட்டது அந்தக் கிணறு ஒன்றைத்தான். அதைச் சாகடிக்க என்னிடமே வந்து கேட்கிறான்.

மோட்டார் ஓடி ஓடித் தண்ணீர் இறங்கியிருந்தது. அந்தச் சத்தம் வந்தது. அவள் போன பிறகு, கிணற்றில் தண்ணீர் இறங்குகிறபோதெல்லாம் வருகிற சத்தம். கண்ணாடி வளையல் ஒன்றோடொன்று உரசினாற்போல, உள்ளே, நிறைய. நான் யாரிடமும் சொன்னதில்லை.

ரியாஸ் நிமிர்ந்தான். "கேக்குதா மாமா?"

"ஒனக்குக் கேக்குதா?"

"தண்ணி எறங்கவும், சொவத்துல ஒட்டி வெளிய நிக்கிற சிப்பியெல்லாம் வாய மூடுது."

அவனுக்கும் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அது எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் ரூமுக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். தண்ணீர் நின்றது. கிணற்றுக்குள் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு உரசிக்கொண்டிருந்தன.

"மருந்தைப் போட்டுக்க. ஆனா ஒங்கம்மாட்ட ஒண்ணு சொல்லு. அவ குடுத்தது ஜம்ஜம்தான். எம்பொண்டாட்டி குடிச்சதும் ஜம்ஜம்தான்."

"மாமா, நான்தான் சொன்னேனே..."

"நீ சொன்ன. நான் நம்பல."

கட்டையை இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தேன். சிப்பியாம். வளையல் சத்தம் எனக்குத் தெரியாதா.