கீழ்ஸ்தாயிப் பெட்டி

பெட்டிக்காரன் என்ற பெயரை அவனுக்கு வைத்தது அவன் மைத்துனன்தான். பகலில் அவன் எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்க்கிறவன். கடை கடையாக, கிடங்கு கிடங்காகப் போய், தராசைத் திறந்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து மூடிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டால் வேறு ஆள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பாதி அவனுடையது. அந்தப் பாதியில் சால்டரிங் ராடையும் ஒயர் துண்டுகளையும் பரப்பிக்கொண்டு, இசைக்காரர்கள் காலால் மிதித்து வாசிக்கிற ஒலிப்பெட்டிகளைச் செய்வான்.

கிட்டாரிலிருந்து வரும் ஒயர் பெட்டியின் ஒரு பக்கம் நுழையும். மறுபக்கம் ஸ்பீக்கருக்குப் போகும். நடுவில் ஏதாவது நடக்கும். ஒரு பெட்டி எதிரொலி கொடுக்கும், ஒன்று சத்தத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி ஒரு கரகரப்பைக் கொடுக்கும், ஒன்று தண்ணீரில் மிதக்கவிடும். கல்யாணமான பதினோரு வருஷத்தில் ஏழு பெட்டி செய்திருந்தான். எட்டாவதுதான் வம்பில் கொண்டுபோய் விட்டது.

மைத்துனன் ஒரு சின்ன இசைக்குழு வைத்திருந்தான். கிட்டார் அவன். டிரம்ஸ், கீபோர்டு, பாட்டு என்று மூன்று நண்பர்கள். பேஸ் கிட்டார் அவன் அக்கா, அதாவது பெட்டிக்காரனின் மனைவி. வாரநாளில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வேலை. வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள், பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்லுவாள். சனி ஞாயிறு தம்பியின் வேனில் ஏறிப் போய், டிரம்ஸ்காரர் பக்கத்தில் நின்று, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுரங்களை நாலு தடித்த தந்திகளில் மீட்டிவிட்டு வருவாள்.

"அத்தான், தனியா வாசிக்கும்போது என் கிட்டார் சத்தம் ஒல்லியா இருக்கு. கொஞ்சம் கனமா ஆக்கித் தாங்களேன்" என்று மைத்துனன் ஒரு நாள் கேட்டான். கேட்டதுதான் தாமதம், பெட்டிக்காரன் பேப்பரை எடுத்துப் படம் போட உட்கார்ந்துவிட்டான்.

அவன் யோசனை எளிமையானது. தந்தி இரண்டு தடவை அதிர்ந்தால் பெட்டி அதை ஒரு தடவையாக எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே, பெரிய ஆள் குரலில் கேட்கும். மனைவியிடம் இதை விளக்கினபோது அவள் சிரித்தாள்.

"ரெண்டு கிலோவை ஒரு கிலோன்னு காட்டுற தராசு மாதிரி. கடையில இப்படிச் செஞ்சா உங்களை உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க."

"இது வீட்டுத் தராசு. இங்க கேக்க ஆளில்ல."

"நான் இருக்கேன்ல."

இருந்தாள். இரண்டு மாதம், வேலை முடிந்து வந்த கையோடு, தம்பியின் பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சுரமாக மீட்டிக் காட்டினாள். பெட்டி முதலில் திக்கியது. சில சுரங்களை விழுங்கியது, சிலவற்றை இரண்டு தரம் துப்பியது. அவன் ஐ.சி.யை மாற்றினான், கண்டென்சரை மாற்றினான், தலையைச் சொறிந்தான். தந்தியைக் கிட்டாரின் கழுத்துக்குப் பக்கத்தில், நகம் படாமல் கட்டைவிரல் சதையால் மீட்டினால் பெட்டி தடுமாறாமல் எண்ணுகிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். "உங்க பெட்டிக்கு அதட்டினா பயம் வந்துடுது. பதமாச் சொன்னா கேக்குது" என்றாள். அதை வைத்து அவன் முன்னால், கூரான ஒலியை மழுக்குகிற ஒரு வடிகட்டியைச் சேர்த்தான். அதற்கப்புறம் எப்படி மீட்டினாலும் பெட்டி கேட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் அதற்கு வரவில்லை. இரண்டு தந்தியைச் சேர்த்து மீட்டினால் எதை எண்ணுவது என்று தெரியாமல் குழம்பும். "ஒரு நேரத்துல ஒருத்தர் பேச்சைத்தான் கேக்கும்" என்று பெட்டிக்காரன் மைத்துனனிடம் கொடுக்கும்போதே சொன்னான். மைத்துனன் தலையை ஆட்டினான். ஆனால் அவன் காது பெட்டியிடம் போய்விட்டிருந்தது. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, ஒற்றைத் தந்தியில் ஒரு மெட்டு வாசித்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "யப்பா, பேஸ் கிட்டாரே தோத்துச்சு" என்றான். பெட்டிக்காரனுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் சாப்பிட வந்தான். வழக்கமாக இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவன், அன்று தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா, வாயில என்ன வச்சிருக்க? துப்பு" என்றாள் அக்கா.

"ஒரு சாக்ஸஃபோன்காரர் கிடைச்சிருக்கார் அக்கா. நல்லா வாசிக்கிறார். ஆனா வேன்ல அஞ்சு பேருக்கு மேல இடமில்ல. சாமான் வேற இருக்கு." கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "இப்ப அத்தான் பெட்டி இருக்கறதால கீழ் சத்தத்தை நானே பாத்துக்கலாம்னு டிரம்ஸ்காரன் சொல்றான். நான் சொல்லல."

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். பிறகு, "சரிடா. சாப்பிடு, ஆறிடும்" என்றாள். அவ்வளவுதான். மைத்துனன் போனதும் தட்டுகளை எடுத்துக் கழுவப் போனாள்.

பெட்டிக்காரன் சமையலறை வாசலில் போய் நின்றான். அவள் திட்டினால் பரவாயில்லை, ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தால்கூடத் தேவலை. அவள் வைக்கவில்லை. மறுநாள் பேஸ் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து அலமாரி மேல் ஏற்றிவிட்டாள். அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான்.

"நான் போய் அதைத் திருப்பி வாங்கிட்டு வந்துடறேன்" என்றான்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேப்பாங்களா? சின்னப்பிள்ளையா நீங்க?"

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்." நாற்காலியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள். "இடம் போனது பெரிசில்லைங்க. ரெண்டு மாசம் உங்க எதிர்ல உக்காந்து, என் வேலையை அதுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். அதை நினைச்சாத்தான் சிரிப்பா வருது."

சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் அவன் பாதி காலியாகக் கிடந்தது. கிடங்கில் ஒரு தராசை மூன்று முறை திறந்து மூடினான். கிடங்குக்காரர், "உடம்புக்கு என்ன?" என்று விசாரித்தார்.

அடுத்த மாதம் ஓர் அச்சகத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா. காகிதக் கட்டுகளை எடைபோடும் தராசைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் என்பதால் பெட்டிக்காரனைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். அங்கே கச்சேரி மைத்துனன் குழு என்று பிறகுதான் தெரிந்தது. போக வேண்டாம் என்று அவன் நினைத்தான். அவள்தான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் வர்றேன். நம்ம பெட்டி எப்படி வாசிக்குதுன்னு பாக்க வேண்டாமா?"

நம்ம பெட்டி என்றதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

மண்டபத்தில் பின்வரிசை நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முதல் பாட்டு நன்றாகவே போனது. மைத்துனன் ஒற்றைத் தந்தியில் ஆரம்பித்தான். பெட்டி கீழே இருந்து கம்பீரமாகப் பேசியது. பெட்டிக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டாவது பாட்டின் நடுவில், உற்சாகத்தில், மைத்துனன் ஆறு தந்தியையும் சேர்த்து ஓங்கி மீட்டினான்.

பெட்டி தொண்டையில் தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் போட்டது. மேடையில் எல்லோரும் மைத்துனனைப் பார்த்தார்கள். அவன் பெட்டியின் திருகைத் திருகினான். கொப்பளிப்பு இன்னும் உரக்கக் கேட்டது. முன்வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. அவன் பெட்டியை அணைத்தான். அதற்கப்புறம் பாட்டுக்கு அடித்தளமே இல்லை. டிரம்ஸ் ஒரு பக்கம் ஓடியது, பாட்டு ஒரு பக்கம் போனது. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பெட்டிக்காரன் எழுந்து மேடைக்குப் போகலாமா என்று பார்த்தான். அப்போது மணிக்கட்டில் ஏதோ படுவது தெரிந்தது. மனைவி அவன் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில், பாட்டுக்குச் சரியாக, வாசிக்க வேண்டிய சுரங்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தன. தான் வாசிக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்த மாதிரி இல்லை. கண் மேடையிலேயே இருந்தது.

இடைவேளையில் மைத்துனன் ஓடி வந்தான். "அத்தான், பெட்டி ரிப்பேர்."

"ரிப்பேர் இல்ல மச்சான். அன்னிக்கே சொன்னேனே."

மைத்துனன் அவனை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினான். "அக்கா, வீட்டுக்குப் போய் பேஸ் கிட்டாரை எடுத்துட்டு வந்துடலாமா? நான் வேன் அனுப்பறேன்."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மாட்டேன் என்று சொன்னால் அதில் ஒரு குற்றமும் இல்லை என்று பெட்டிக்காரன் நினைத்துக்கொண்டான்.

"நேரம் பத்தாதுடா. நான் சொல்றதைக் கேள்" என்றாள். "சேர்த்து வாசிக்கிறதை எல்லாம் கீபோர்டுக்கு விட்டுடு. மேல வர்ற மெட்டை சாக்ஸஃபோன்காரர் பாத்துக்கட்டும். நீ பெட்டியைப் போட்டுக்கிட்டு, ஒரு தந்தி, ஒரு சுரம். என் வேலையைச் செய். டிரம்ஸ்காரன் பெரிய டிரம்மை மிதிக்கிற வலது காலைப் பாரு, அது இறங்கறப்ப நீயும் இறங்கு. வேற எங்கயும் பாக்காத."

"அப்ப என் தனி வாசிப்பு?"

"இன்னிக்கு இல்ல."

இரண்டாம் பாதியில் மைத்துனன் டிரம்ஸ் பக்கத்தில், அவள் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான். நல்ல பிள்ளையாக ஒவ்வொரு சுரமாக வாசித்தான். பாட்டு தரையில் கால் ஊன்றி நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அச்சக முதலாளி மேஜையில் தாளம் போட்டார். கைதட்டல் எல்லாம் சாக்ஸஃபோன்காரருக்குப் போனது.

முடிந்ததும் மைத்துனன் கட்டைவிரலை ஊதிக்கொண்டே வந்து அக்கா பக்கத்து நாற்காலியில் விழுந்தான்.

"எப்படிக்கா இத்தனை வருஷம்? ஒருத்தர்கூட என் பக்கம் திரும்பல."

"திரும்ப மாட்டாங்க. ஒரு சுரத்தை விட்டுட்டாத்தான் திரும்புவாங்க. முதல் பாதியில பாத்தல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேன்ல ஒரு சீட்டு கூடப் போட முடியுமான்னு பாக்கறேன். டிரம்ஸ்காரனை வேணா மடியில வச்சுக்கறேன். வந்துடுக்கா" என்றான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். ஆனால் அவன் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அவள் யோசித்து முடித்துவிட்டாள் என்று பெட்டிக்காரனுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெட்டிக்காரன், "உனக்கு என் மேல கோபம் இல்லையே?" என்று கேட்டான். எத்தனையோ நாளாகக் கேட்க நினைத்தது.

"இருக்கு. ஆனா நீங்க நினைக்கிற கோபம் இல்ல." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். "தம்பிக்கு அஞ்சு பெட்டி செஞ்சீங்க. கீபோர்டுக்காரருக்கு ரெண்டு, உங்க கூட்டாளிக்கு ஒண்ணு. எல்லாத்தையும் நான்தான் வாசிச்சுப் பாத்தேன். உன் சத்தம் எப்படி இருக்கணும்னு நீங்க என்னைக் கேட்டதே இல்ல."

பெட்டிக்காரன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

"இப்ப கேக்கறேன். எப்படி இருக்கணும்?"

அப்படி ஒன்றை அவள் இதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. அதுவும் அவனுக்கு உறைத்தது. ஒரு வாரம் யோசித்தாள். பல் மருத்துவமனையிலிருந்து ஒரு நாள் வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "என் சுரம் சீக்கிரம் செத்துடுது. விரலை எடுத்தா போச்சு. நான் எடுத்த பிறகும் அது நிக்கணும். போதும்னு நான் சொல்ற வரைக்கும்."

அப்படி ஒரு பெட்டி செய்ய ஆறு மாதம் ஆயிற்று. ஒலியின் ஒரு சின்னத் துண்டை மெமரிச் சில்லுக்குள் பிடித்து வைத்து, திரும்பத் திரும்பச் சுற்றவிட வேண்டும். பிடிப்பது சுலபம். துண்டின் வாலும் தலையும் சேருகிற இடத்தில் டிக், டிக் என்று கேட்டது. "சுவர்க்கடிகாரம் கேக்கல நான்" என்றாள். அவன் வாலை மெல்ல மங்கவிட்டு, அதன் மேல் தலையை மெல்ல ஏற்றிப் பார்த்தான். டிக் போய் ஒரு விம்மல் வந்தது. துண்டின் நீளத்தை மாற்றினான். விம்மல் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் மடியில் இந்தத் தடவை அவளுடைய பேஸ் கிட்டாரே இருந்தது. இடையில் சனி ஞாயிறு வேனில் போய்வந்துகொண்டிருந்தாள். டிரம்ஸ்காரரும் சாக்ஸஃபோன்காரரும் ஆளுக்குப் பாதி சீட்டில் உட்கார்ந்து போனார்கள் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஒரு ஞாயிறு காலையில் பெட்டியைத் தரையில் வைத்தான். அவள் ஒரு சுரத்தை மீட்டி, கால் பெருவிரலால் பெட்டியை அழுத்தி, கையை எடுத்தாள். சுரம் நின்றது. டிக் இல்லை, விம்மல் இல்லை. அவள் கிட்டாரைச் சோபாவில் சாய்த்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. குடித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அறை முழுக்க அந்தச் சுரம் அப்படியே இருந்தது. பெட்டிக்காரன் அதற்குக் காவல் இருக்கிறவன் மாதிரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

அவளும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்" என்றாள்.