உப்புக்கோளின் பன்னிரண்டாம் புத்தகம்

லிடியா ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பலாம். மோசம் என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நாகர்கோவில்காரி. டில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் முழுக்க நோயாளிகளிடம் இந்தி பேசிவிட்டு, வீடு திரும்பும் மெட்ரோவில் தமிழில் விண்வெளிக் கதை படிப்பாள். அதிலும் ஒரே வரிசைதான், ‘உப்புக்கோள்’. பூமியை விட்டுக் கிளம்பிய ஒரு கப்பலையும், ஊர் போய்ச் சேராமல் அதிலேயே பிறந்து சாகும் மனிதர்களையும் பற்றிய நாவல்கள். அட்டையில் ‘நெடுங்கோளன்’ என்று பெயர் இருக்கும். படம் இருக்காது.

அந்த வரிசையால்தான் காமாக்ஷியின் பழக்கம் கிடைத்தது. மெட்ரோவில் பக்கத்தில் நின்ற அம்மாள், லிடியாவின் கையிலிருந்த மூன்றாம் புத்தகத்தைப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று தமிழில் கேட்டாள். கும்பகோணத்துப் பேச்சு. மத்திய அரசு வேலை, லோதி ரோடு குவார்ட்டர்ஸில் தனி வாசம். அதன்பிறகு சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் லிடியா நேரே அங்கே போய்விடுவாள். இருவரும் நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து அலசுவார்கள். மூன்றாவதற்கு ஈடில்லை, ஐந்தாவது காகிதத்துக்குப் பிடித்த கேடு, ஏழாவதில் இயந்திரங்களுக்கு இருக்கிற உயிர் மனிதர்களுக்கு இல்லை. தீர்ப்பெல்லாம் லிடியாவுடையது. காமாக்ஷி கேட்டுக்கொண்டிருப்பாள், அல்லது காபி போட எழுந்து போவாள்.

எட்டாவதில் கப்பல் தலைவர் இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசிவிட்டுச் சாவார். லிடியாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“இத எழுதுன ஆளு ஒரு சாவக்கூட பக்கத்துல நின்னு பாத்ததில்லக்கா,” என்றாள்.

பிறகு எப்படித்தான் சாவார்கள் என்று காமாக்ஷி கேட்டாள். லிடியா சொன்னாள். கொரோனா சமயத்தில், ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்த நாட்களில், அவள் வார்டுக்கே அவள் தம்பி ரெஜினைக் கொண்டுவந்து போட்டார்கள். தலை முதல் கால் வரை மூடிய உடுப்புக்குள் இருந்த அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஆரம்பித்து, மூச்சு போதாமல் தமிழுக்கு வந்தான். ‘சிஸ்டர், எங்கக்கா இங்கதான் வேல பாக்கா. நான் கெடக்கது அவளுக்குத் தெரியாண்டாம். பயந்துருவா.’ வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். லிடியா தலையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் அவன் போய்விட்டான். தான் பக்கத்தில் நின்றதை அவள் கணவன் சைமனிடம்கூடச் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் புத்தகம் வந்த வாரமே வாங்கிவிட்டாள். கப்பலில் கொள்ளைநோய். கவச உடைக்குள் ஒரு செவிலி. படுக்கையில் அவள் தம்பி. அடுத்த பக்கத்தில் அவன் கண்ணைத் திறந்து, ‘எங்க அக்காவுக்குத் தெரிய வேண்டாம், பயந்துவிடுவாள்’ என்றான்.

காமாக்ஷி வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேடியம் ஸ்டேஷனில் யாரையோ இடித்துக்கொண்டு இறங்கினாள். குவார்ட்டர்ஸ் வரை எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நெடுங்கோளனைக் காமாக்ஷிக்குத் தெரிந்திருக்கிறது. ரெஜினின் சாவை வம்பாகப் பேசியிருக்கிறாள். அந்த ஒரு எண்ணம்தான் மனதில் இருந்தது.

கதவு திறந்ததும் புத்தகத்தை நீட்டினாள். “யாருகிட்டக்கா சொன்னீங்க?”

காமாக்ஷி அட்டையைப் பார்த்தாள். “யார்கிட்டயும் சொல்லலை, லிடியா. நான்தான் எழுதினேன்.”

அதன் பொருள் உறைக்கச் சற்று நேரமாயிற்று. உறைத்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டும் இவளா? முகத்துக்கு நேரே காறித் துப்பாத குறையாக ஐந்தாவதைத் திட்டியது இவளையா? அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இந்த அம்மாள் எதற்குக் காது கொடுத்தாள்?

காமாக்ஷி தட்டுத்தடுமாறிச் சொன்னாள். தன்னை மூஞ்சிக்கு நேரே விமர்சிக்க ஒருத்தி கிடைத்தாளே என்றுதான் முதலில் மறைத்தாளாம். ரெஜினைப் பற்றிக் கேட்டபின் வேறு எதுவும் எழுத வரவில்லையாம். அனுமதி கேட்க வாயெடுத்த போதெல்லாம், மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாம்.

“மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன்,” என்றாள் லிடியா. காமாக்ஷி கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனாள்.

மிச்சத்தைப் படிக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, மதிய உணவு இடைவேளையில் படித்து முடித்தாள். கதையில் செவிலி கவசத்தைக் கழற்றித் தம்பிக்கு முகத்தைக் காட்டிவிடுகிறாள். அவன் சிரித்தபடி சாகிறான். படித்ததும் மாடிப்படியிலேயே நின்று போன் போட்டாள்.

“பன்னண்டுலயும் இதுதான் ஒசத்தி,” என்றாள். “ஆனா அவ மொகத்தக் காட்டுனது பொய். காட்டிருக்க மாட்டா. அக்காவுக்குத் தெரியாண்டாம்னு அவன் கேட்டதே அது ஒண்ணுதான். இனி ஞாயித்துக்கெழம என்னைய எதிர்பாக்காதீங்கக்கா.”

புத்தகம் ஊரெல்லாம் பரவும். ஆஸ்பத்திரியிலும் நாலு பேர் வாசிப்பார்கள். அதற்கு முன் சைமனுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்று சாயங்காலம் அவன் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தபோது, அடுக்களை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். சைமன் அடுப்பை அணைத்தான்.

“மச்சான் வேதனையில கெடந்தானா?” என்று கேட்டான்.

“கெடந்தான்,” என்றாள் லிடியா.