அண்ணி தேர்ந்தெடுத்த பஞ்சு

என் அண்ணி அமலோற்பவத்துக்கு ஒரு வழக்கம். பேச வேண்டிய விஷயம் பெரிதாக இருந்தால், ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டையே இரண்டாக்குவாள். இந்த முறை அவள் பிடித்தது பஞ்சு.

பெரிய விஷயம் இதுதான். அவள் மகள் ஷீபா, ஜோஸ்வாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். வலங்கைமான் பக்கத்துப் பையன். நல்ல வேலை, நல்ல குணம், ஆனால் லுத்தரன் சபை. நாங்கள் ஆர்.சி. கத்தோலிக்கர்கள். பையன் நம் கோயிலுக்கு மாறினால்தான் கல்யாணம் என்பது அண்ணியின் நிபந்தனை. அவர்கள் மாற மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஷீபா சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாயிற்று. என் அண்ணன் மரியஅந்தோணி வழக்கம்போல எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அவர் வாய்க்கு லீவு.

ஜோஸ்வாவும் அவன் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவதாக முடிவானதும் அண்ணி தையல் மெஷினைத் தூசி தட்டினாள். புதுக் கண்ணாடி டைனிங் டேபிளுக்குத் தன் கையாலேயே டேபிள் மேட் தைக்கப் போகிறாளாம். மேலே பூப்போட்ட துணி, கீழே வெள்ளைத் துணி, நடுவில் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைக்க வேண்டும். யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டியிருக்கிறாள்.

எந்தப் பஞ்சு? தஞ்சாவூரில் அண்ணி ஏறி இறங்காத கடை இல்லை. மெத்தைக் கடைக்காரர் இலவம் பஞ்சைக் காட்டினார். தலையணைக்கு வைப்பதைச் சம்பந்திக்கு வைப்பதா என்று முறைத்துவிட்டு வந்தாள். பருத்தியா பாலியஸ்டரா என்று பூசை முடிந்து வந்த பங்குச் சாமியாரிடம்கூடக் கருத்துக் கேட்டாள். அவர் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுத் தப்பித்துப் போனார்.

"பருத்தியே வைங்கம்மா. எது சிந்தினாலும் குடிச்சுக்கும்" என்றாள் ஷீபா.

"அது கந்தல் மாதிரி தட்டையா கிடக்கு. பாலியஸ்டரைப் பாரு, புசுபுசுன்னு எவ்வளவு எடுப்பா இருக்கு."

"சரிம்மா. கோயில் விஷயம் என்ன முடிவு பண்ணீங்க?"

"முதல்ல பஞ்சு முடியட்டும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெற்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள், இவள் பஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் பாலியஸ்டர்தான், அதுவும் இரண்டு அடுக்கு. மேட் என்று தைத்தது கைக்குழந்தைக்கு மெத்தையாக வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சிக்கல். சம்பந்தி ஆகப்போகிறவருக்குத் தட்டிலா சோறு போடுவது? இலை போடாவிட்டால் மானம் போகும். மேட்டை எடுத்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். அதனால் அண்ணி மேட் மேலேயே இலையைப் போட்டாள்.

ஜோஸ்வாவின் அப்பா ஞானசிகாமணி விவசாயி. வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கறிக்குழம்பு கெட்டியாக இருந்ததால் தப்பித்தது. பாயசம் வந்ததும் நிபந்தனையைப் பேசுவது என்பது அண்ணியின் திட்டம். அதற்கு முன்னால் ரசம் வந்துவிட்டது.

ஊற்றியது ஒரு கரண்டிதான். இலைக்கு அடியில் ஒரே மேடும் பள்ளமும். ஆயுள் முழுக்க வயலில் தண்ணீர் கட்டிய மனிதர், சோற்றால் அவசரமாக வரப்புப் போட்டுப் பார்த்தார். நிற்கவில்லை. ரசம் இலையைத் தாண்டி, அண்ணி போட்ட தையல் வழியாகவே வாய்க்கால் பிடித்து வந்து, அவர் வேட்டியில் இறங்கியது.

அண்ணி பதறிப்போய் பக்கத்து மேட்டை உருவி, மண்டி போட்டுத் துடைத்தாள். பாலியஸ்டர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. தொடையில் இருந்த ரசத்தை முழங்கால் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"விடுங்கம்மா" என்றார் ஞானசிகாமணி. "வேட்டியை மாத்திக்கிறேன். சபையை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க. உங்க பொண்ணையும் நாங்க மாறச் சொல்லலை."

அண்ணி வாயைத் திறந்தாள். ரசம் சொட்டும் மேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிபந்தனை பேசுவது எப்படி என்று அந்த வெள்ளைக்காரி சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

அப்போதுதான் அண்ணன் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பழம், கிறிஸ்துமஸுக்கு வாங்கி மடிப்புக் கலையாமல் வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி. பையனின் அப்பாவுக்குப் பெண்ணின் அப்பா தட்டில் வேட்டி வைத்துக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"கட்டிக்கிட்டு வாங்க, சம்பந்தி" என்றார் அண்ணன்.

"ஏங்க" என்றாள் அண்ணி தரையிலிருந்து.

"நீ துடைச்சு முடி, அமலோற்பவம்."

ஞானசிகாமணி கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஷீபா வந்து ஜோஸ்வாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். தன் முன்னால் இருந்த மேட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். வெறும் கண்ணாடி மேல் ஒரு இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"அத்தை, எனக்கும் சோறு போடுங்க" என்றாள் என்னிடம்.