எழுத்தைப் பெரிதாக்கியவள்

…முதல் முறை தெரியாமல்தான் செய்தாள், அதில் சந்தேகமே இல்லை, எழுத்து கலங்கலாத் தெரியுது மேடம் என்று ஒருத்தி சொன்னால் எழுத்தைப் பெரிதாக்குவது தப்பா என்ன, யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள், இரண்டாவது முறைதான்… இல்லை, இரண்டாவதைக்கூட விட்டுவிடலாம், மூன்றாவது? சுகிர்தா ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தேர்வாய் கண்டிகையிலிருந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போகிற கம்பெனி பஸ், ஷிப்ட் முடிந்த பெண்களின் சளசளப்பு, யாரோ பிரித்த மிக்சர் பொட்டலம், எல்லாம் நேற்றைப் போலவேதான் இருக்கிறது. முன் வரிசைகளில் ஒன்றில் கங்கம்மாளின் முதுகு. புடவைக்கு மேல் போட்ட நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, ஐடி கார்டு நாடா காலருக்குள் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த அக்கா திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது, சிரிப்பதா, போனைப் பார்ப்பதா… ஆனால் அவள் திரும்பவே இல்லை, ஏறியதிலிருந்து ஒரு தடவைகூட.

பேக்கிங்கில் இருக்கும் பெண்களை, அச்சில் வார்க்கும் மெஷினை ஓட்டப் பழக்கும் முதல் பேட்ச் இது. பழக்க வந்தவள் சுகிர்தா, டிப்ளமோ முடித்தவள், ஆக்மென்டட் ரியாலிட்டி என்று அழகாகச் சொல்லத் தெரிந்தவள். அதற்கென்று ஒரு கண்ணாடி, அதைப் போட்டுக்கொண்டால் எதிரே மெஷினும் தெரியும், மெஷின் மேல் அம்புக்குறியும் மிதக்கும், இப்போது எதைச் செய்யவேண்டும் என்று எழுத்தும் மிதக்கும், தமிழிலேயே. நாலு நாள் எல்லோரும் குழந்தைகள் மாதிரி காற்றைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார்கள். கங்கம்மாளும் சிரித்தாள், பக்கத்தில் ரோஜா என்ன செய்கிறாளோ அதை அடுத்த நிமிடமே செய்தாள், பிசகில்லாமல் செய்தாள்… அப்போதே தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்துதான் இருந்ததோ? இன்று ஹேமநாத் சார் வந்து நின்றார், மேனேஜர், கைகட்டிக்கொண்டு. போட்டிருப்பவர் எங்கே பார்க்கிறார் என்பதைச் சிவப்புப் புள்ளியாகப் பெரிய டிவியில் காட்டும் வசதி இருக்கிறதாமே, அதைக் காட்டுங்கள் என்றார். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவில்லை, கை நீண்டது, கங்கம்மா அக்கா வாங்க. ஏன் அவளை? முன்னால் நின்றிருந்தாள், அவ்வளவுதான். அவ்வளவுதானா?

கதவை மூடிய பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தவும். இவ்வளவுதான் வாக்கியம். டிவியில் புள்ளி அந்த எழுத்துகளின் மேல் வந்து நின்றது, நகரவே இல்லை, மற்றவர்களுக்கெல்லாம் இடமிருந்து வலமாக ஓடும் புள்ளி, இவளுக்கு ஈ மாதிரி ஒரே இடத்தில். "படிங்கக்கா." "எழுத்து கலங்கலாத் தெரியுது மேடம்." பெரிதாக்கினாள். "இப்ப?" இன்னும் ஒரு சுற்று பெரிதாக்கினாள். புள்ளி எழுத்தை விட்டு இறங்கி மெஷின் கதவுக்குப் போனது, பச்சைக்கு, சிவப்புக்கு, பிறகு சட்டென்று மெஷினையே விட்டு விலகி ரோஜாவின் முகத்தில் போய் நின்றது. சொல்லுடி என்று கெஞ்சுகிற புள்ளி. டிவியில் ரோஜாவின் நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி… யாரோ களுக்கென்று சிரித்தார்கள், உடனே நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிறுத்தத்தில்தான் சுகிர்தாவுக்குத் தெரிந்துவிட்டது, இது கண் இல்லை, படிப்பு என்று. தெரிந்த பிறகும், "இப்ப பாருங்கக்கா" என்று மூன்றாவது முறையும் அழுத்தினாள். க என்ற ஒற்றை எழுத்து சுவர் அளவுக்கு வந்து நின்றது, அதன் வயிற்றுக்குள் புள்ளி நடுங்கியது. "கண்ணு சரியில்ல மேடம்… ரொம்ப நாளாவே," என்றாள் கங்கம்மாள், கண்ணாடியைக் கழற்றி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள், கோவிலில் தட்டு நீட்டுகிற மாதிரி.

குரல் இருக்கிறது அந்தக் கண்ணாடியில். ஒரு பொத்தான், எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லிவிடும். சார் பேசும்போது இரைச்சலாக இருக்கும் என்று காலையில் சுகிர்தாதான் அணைத்து வைத்தாள். திரும்பப் போட்டிருக்கலாம்… போட்டிருந்தால் சார் என்ன நினைத்திருப்பார், ட்ரெய்னிங் சரியில்லை, நாலு நாளாக இந்தப் பெண் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்று. கோளாறு என்னிடம் இல்லை, கண்ணாடியில் இல்லை, இதோ இவளிடம்தான், அதைக் காட்டத்தானே அந்த மூன்றாவது அழுத்தல்? வேலைக்கான இன்டர்வியூவில் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, சுகிர்தா சும்மா தலையாட்டிச் சிரித்தாள், கேட்ட அம்மா ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி அதை விடுங்க என்று தமிழுக்கு மாறினார். அந்த அம்மா ஏன் இன்னொரு தடவை உரக்கக் கேட்கவில்லை? கேட்டிருக்கலாம்தானே…

சிப்காட் நிறுத்தத்தில் பாதி பஸ் இறங்கியது. பக்கத்து சீட்டில் யாரோ உட்கார, கோட்டின் நீலம் தெரிந்தது. கங்கம்மாள்.

"பாப்பா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்." பயிற்சி அறையில் மேடம், இங்கே பாப்பா, எது இன்னும் தாங்கமுடியாதது என்று தெரியவில்லை.

"சொல்லுங்கக்கா."

"கண்ணு டாக்டராண்ட போணும். தள்ளிப் போட்டுக்கினே கீறேன். அதுவரிக்கும் நான் பேக்கிங்லயே இருந்துக்கறேன், அந்த சார்கிட்ட நீயே சொல்லிடு."

"சரிக்கா." சரியா? நாளைக்குக் குரலைப் போடுகிறேன் வாங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால், எனக்குத் தெரியும் என்று சொன்னதாகிவிடாதா… பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

கங்கம்மாள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு… டிவில செவப்பா ஒரு புள்ளி ஓடிச்சே, அது படமா இருக்குதா இன்னும்? போன்ல கீன்ல வந்துருமா? எம் பொண்ணு நர்சிங் படிக்கிறா, எந்நேரமும் போன நோண்டிக்கினே இருப்பா, அதான் கேட்டேன்."

"அழிச்சிட்டேன்கா." உடனே வந்துவிட்டது, யோசிக்காமல், வழுக்கிக்கொண்டு. "அப்பவே அழிச்சிட்டேன்."

மத்தியானமே சார் கேட்டார், அந்த வீடியோவ அனுப்புங்க, எவ்ளோ நுணுக்கமா கண்டுபிடிக்குது பாருங்க, ஹெட் ஆபீஸ்ல காட்டலாம் என்று, சுகிர்தா சாப்பிடப் போகும் முன்னாலேயே அனுப்பிவிட்டாள், கட்டைவிரல் காட்டி பதிலும் வந்துவிட்டது. இனி கெஞ்சிக் கேட்கலாம், சார் அதை யாருக்கும் காட்டாதீங்க என்று, கேட்பாளா, ஏன் என்று அவர் கேட்டால் என்ன சொல்வாள்… கங்கம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அக்கா முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள் சுகிர்தா. வரவில்லை, வேறு ஏதோ வந்தது, கன்னம் மெல்ல இறுகியது. "ம்… நல்லதும்மா," என்று எழுந்து, ஸ்டேஷன் வர இன்னும் தூரம் இருக்கும்போதே படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் சுகிர்தாவுக்கு உறைத்தது. கண் கோளாறுதானே அக்கா, அதை யார் பார்த்தால் என்ன என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்… கண் கோளாறில், அழிக்கும்படியாக என்ன இருக்கிறது?