நாலு அங்குலம் இறக்கிய கூரை

கிராசியெலா கொக்கிகளைக் கழற்றி முற்றத்தில் எறிந்தாள். அப்பாவின் பழைய பிக்கப் வண்டியை இழுவை வண்டியில் ஏற்றுவதற்காகச் சங்கத்துக்காரர்கள் மாட்டியிருந்த கொக்கிகள். அப்பாவின் அடக்கப் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கறுப்பு உடையில் கிரீஸ் அப்பியதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"என்னம்மா பண்றே?" என்றார் ருட்டிலியோ. ஃப்ரெஸ்னோ நகரில் பழைய வண்டி வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர், அவளுடைய ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். "உங்கப்பா எவுசேபியோவோட சவப்பெட்டிக்குப் பின்னாலயே அவன் வண்டி போகணும். அதுதானே நம்ம வழக்கம். கொடிகூடக் கொண்டாந்திருக்கோம்."

"சங்கத்துக் கொடியோட இது போகாது ஞானப்பா."

"ஏன் போகாது? நாங்கல்லாம் சேந்து கூரையைக் குறைச்ச வண்டி இது. நேத்து செபமாலை முடிஞ்சு அதைத்தானே பேசினேன்."

பேசினார். அப்பா தனியாகச் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

கூரையைத் தாழ்த்தினால்தான் பழைய வண்டிக்கு அழகு என்பது சங்கத்துக்காரர்களின் எண்ணம். கூரையை அறுத்த நாளில் எல்லோரும் வந்தார்கள் என்பது உண்மைதான். கறி சுட்டார்கள், பீர் குடித்தார்கள். முதலில் உள்ளே கதவு நிலைகளுக்கு நடுவே குறுக்குக் குழாய் வைத்து வெல்டிங்கில் பற்றவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக் கூடு விரிந்து கதவு பொருந்தாது என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் கறி ஆறிவிடும் என்று சொல்லி ருட்டிலியோ ரம்பத்தை ஓட்டினார். கூரை கையோடு வந்தது. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இன்றைக்கும் சங்கத்துச் சுவரில் தொங்குகிறது.

சனியன் பிடித்த வேலை அதற்குப் பிறகுதான். நாலு அங்குலம் இறக்கினால் கூரையைத் தாங்கும் தூண்களின் மேல்துண்டும் கீழ்த்துண்டும் நேருக்கு நேர் வராது. கூரையை நாலாகப் பிளந்து, நடுவில் தகடு கொடுத்து ஒட்ட வேண்டும். கதவுகளையும் அதே அளவு குறைக்க வேண்டும். முன்கண்ணாடியை அறுக்கப் போய் இரண்டு கண்ணாடிகள் விரிசல் விட்டன. பட்டறையில் கேட்டால் புது வண்டி விலை சொன்னார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளிலும் திராட்சைத் தோட்டத்து டிராக்டர்களைப் பழுதுபார்த்து, அந்தக் கூலியில் தகடும் கண்ணாடியும் வாங்கினார். அவர் பற்றவைக்கும்போது தகட்டைத் தாங்கிப் பிடிக்க அவளைத் தவிர ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் ஒருவருக்கு முதுகு வலி, இன்னொருவர் வீட்டில் கல்யாணம். கடைசியில் ஓட்டுநர் பக்கக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கதவைச் சாத்துங்க ஞானப்பா. சாத்திட்டீங்கன்னா கொண்டு போங்க."

ருட்டிலியோ சாத்தினார். கதவு திரும்பி வந்தது. தோளால் முட்டித் தள்ளினார். மறுபடியும் வந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து. சங்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கயிறு போட்டுக் கட்டிக்கலாம்," என்றார்.

"எங்கப்பா கேட்டப்ப ஒரு குழாய் எடுத்துக் குடுக்கல. இப்பக் கயிறா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"



அம்மா சமையலறை வாசலுக்கு வந்தாள். "அவர் வண்டி வராம நான் அவரை அனுப்ப மாட்டேன் கிராசி. நீ சண்டை போடு, என்ன வேணா பண்ணு. வண்டி வரணும்."

கிராசியெலா அம்மாவைப் பார்த்தாள். பிறகு வண்டிக்குள் குனிந்து ஏறிச் சாவியைத் திருகினாள்.

"நான் ஓட்டிட்டு வரேன். நீங்க எல்லாரும் எனக்குப் பின்னாடி வாங்க."

கொடியைக் கட்ட யாரும் வரவில்லை.

பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பினார்கள். பாதியாகிப்போன ஜன்னல் வழியாக இடது கையை வெளியே விட்டுக் கதவை இழுத்துப் பிடித்திருந்தாள். ஸ்டீயரிங்குக்கும் கியருக்கும் வலது கை ஒன்றுதான். அதனால் இரண்டாம் கியரை விட்டு மாற்றவே இல்லை. பளபளவென்று துடைத்து வைத்த சங்கத்து வண்டிகள் அத்தனையும் அவள் பின்னால் ஊர்ந்து வந்தன. முதலாவது ருட்டிலியோவுடையது.

பெரிய சாலைச் சந்திப்பில் சவ வண்டி கடந்துபோனது. அவளுக்குச் சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்திய பிறகுதான் தெரிந்தது, இறக்கிய கூரைக்கு அடியில் உட்கார்ந்தால் மேலே தொங்கும் விளக்கு கண்ணில் படாது. எட்டிக் குனிந்து பார்க்கலாம். அதற்குக் கதவை விட வேண்டும். அவள் விடவில்லை.

பின்னால் ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ருட்டிலியோ இறங்கி நடந்து வந்தார். கதவின் மேல் இரண்டு கையையும் வைத்து, சந்து மூடும்படி அழுத்தினார்.

"பச்சை விழுந்து ரொம்ப நேரமாச்சும்மா. நான் புடிச்சுக்கிட்டே கூட நடந்து வரேன். கை வலிக்கும் உனக்கு."

"கையை எடுங்க."

"கிராசி…"

"எடுங்க ஞானப்பா."

எடுத்தார். அவள் கதவை இன்னும் இறுக்கி இழுத்துக்கொண்டு கிளட்சை விட்டாள். ருட்டிலியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி சாலை நடுவில் நின்றார். சங்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக அவரையும் ஆளில்லாமல் நின்ற அவர் வண்டியையும் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் போயின.