ஜன்னல் பாக்கி

ஒரு சிநேகத்தின் விலை முப்பத்தைந்து ரூபாய். திண்டிவனத்திலிருந்து திருச்சிக்கு ராத்திரி பாசஞ்சரில் அதுதான் டிக்கெட். பேரம் பேச வழியில்லாததால் பத்மகுமார் அதை முழுசாகவே கொடுத்துவந்தார்.

புதன்கிழமைதோறும் மல்லாட்டைப் பருப்புக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, ஆர்டர் பிடிக்கப் போவார். விழுப்புரத்தில் இருதயராஜ் ஏறுவார். அவருக்கும் அதே வியாபாரம். ஜைனரான பத்மகுமாரை அவர் 'நயினார்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு வாரம் இவருக்கு ஜன்னல், மறுவாரம் அவருக்கு. முட்டிவலி, மருமகள் கோபம், மாப்பிள்ளை கடன் எல்லாம் பேசுவார்கள். திருச்சியில் எந்தக் கடைக்குச் சரக்கு போகிறது என்று மட்டும் மூச்சு விடமாட்டார்கள். போன் நம்பர் கொடுத்தால் அந்த வாலைப் பிடித்து மற்றவர் கடைவரை வந்துவிடுவாரோ என்று அதையும் கொடுத்துக்கொள்ளவில்லை.

கொரோனாவில் நின்ற வண்டி அப்புறம் ஓடவேயில்லை.

விழுப்புரம் ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் பத்மகுமார் போகவில்லை. அந்த நோயில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்! விசாரிக்காதவரை இருதயராஜ் உயிரோடு இருந்தார்.

"இப்பிடியே பயந்துக்கினு இருங்க. மனுசன் இருந்தும் இல்லாத மாதிரிதானே?" என்று ஒருநாள் மனைவி சாந்திமதி அவரைப் பஸ் ஏற்றிவிட்டாள்.

விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் ஒருவர் வீட்டைக் காட்டினார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பத்மகுமாரின் கண் சுவரில் மாலை போட்ட படத்தைத் தேடியது. இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஏசுநாதர்.

"யாரு, நயினாரா?" மூலைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது. இருதயராஜ் காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். "எந்தக் கடைக்குச் சரக்கு போடறேன்னு மோப்பம் புடிச்சிக்கினு வந்துட்டீங்களா?"

"வேற எதுக்கு வரப்போறேன்?" என்றார் பத்மகுமார்.

இருதயராஜ் உள்ளே பார்த்து மனைவியிடம் கத்தினார். "அம்சா, ஜல்தியா வாழப்பழம் கொண்டா! பொழுது சாஞ்சிட்டா இவரு எதையும் தொடமாட்டாரு, பட்டினியா போயிடுவாரு."

பழத்தை உரித்தபடி பத்மகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடசியா ஜன்னல்ல நீங்கதான் குந்தினீங்க. அடுத்தது என் மொற," என்றார் இருதயராஜ்.

"அதான் ஜன்னலோரமே கட்டிலப் போட்டுக்கினு கெடக்கறீங்களே. கழிச்சிக்கலாம்."

"வூடு நவுருதா நயினாரே? ஓடற வண்டின்னாதான் கணக்கு."

கிளம்பும்போது போன் நம்பரை மாற்றிக்கொண்டார்கள். கடைப் பெயரை இவரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தக் கணக்கு நேர். பத்மகுமார் தரவேண்டியது, ஜன்னல் ஒன்று.